வாழைமரம் போட்ட பத்து வெள்ளி

பொந்தியான் பக்கம் பழைய சாமான்களைக் கிளறினால் சில வீடுகளில் வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு கிடைக்கும். சப்பான்காரன் காலத்துப் பணம். போகப் போக, வரிசை எண்கூட இல்லாமலே அச்சடித்துத் தள்ளினார்கள். 1945இல் அது வெறும் காகிதம் ஆனது. பிள்ளையிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். "இதுல நம்பர் எங்க தாத்தா?" என்று கேட்பான். அங்கிருந்து கதையைத் தொடங்கலாம்.

அதே சப்பான்காரன் காலத்தில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளம். பொந்தியானிலிருந்து நீட்டினால் கோலாலம்பூரையும் தாண்டிவிடும். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. காலராவும் பட்டினியும் பாதிப் பேரைத் திரும்ப விடவில்லை என்பார்கள் பெரியவர்கள். பாதையோரம் உள்ள காஞ்சனபுரியில், அதே வேலையில் இறந்த போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து, புல்வெட்டி, அழகாக இருக்கின்றன. நம்மவர் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. இது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஆனால் புத்தகம் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', இரண்டும் நம் நாட்டு நாவல்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே படிக்கலாம். சின்னவர்களுக்கு நீங்கள் முதலில் படித்து, தாங்கக்கூடிய பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். படித்ததும் "என்ன புரிந்தது?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "நீயா இருந்தா வீட்டுக்கு என்ன எழுதியிருப்ப?" என்று கேளுங்கள், அரைப்பக்கம் எழுதட்டும். எழுத்துப்பிழையை மட்டும் அன்றைக்குத் திருத்தாதீர்கள்.