வாயைக் கட்டியது எது?



அமெரிக்காவில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பினப் பெண் எழுத வந்தபோது பெருந்தடையாக நின்றது நிறமா, பெண் என்பதா? இதுதான் வழக்கு. 'பெண் என்பதே' என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி ஃபிலிஸ் வீட்லி கதையை அழகாச் சொன்னாங்க. 1761-ல், ஏழெட்டு வயதில், ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளை. ஏற்றி வந்த கப்பலின் பேர் ஃபிலிஸ். விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பேர் வீட்லி. அதுவே அவள் பேராகிப் போச்சு! 1773-ல் லண்டனில் அவள் கவிதை நூல் வந்தபோது, 'எழுதியது இவள்தான்' என்று பிரமுகர்கள் 18 பேர் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. 'நிறத்தால்தானே இந்தச் சந்தேகம்?' என்று கேட்டாங்க.

நியாயமான கேள்வி. ஆனா, அந்த 18 பேர் யாரு? ஆளுநர், பாதிரியார்கள், வியாபாரிகள்... பதினெட்டும் ஆம்பளைங்க! (சிரிப்பு) அவளுக்கு எழுத்தறிவித்ததில் முன்நின்றவள் அந்த வீட்டு மகள் மேரி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் கையெழுத்து அதில் இல்லை. வெள்ளைக்காரியாப் பிறந்தும் அவள் சாட்சி சபையேறலை! (கைதட்டல்)

இப்போ, ஒரே நிறத்தில் இரண்டு பேரைப் பாருங்க. இருவருமே அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் தன் வரலாற்றைத் தன் பேரிலேயே வெளியிட்டார். ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-ல் 'லிண்டா பிரென்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஏன்? அவர் எழுத வேண்டியிருந்தது, எஜமான் தகாத உறவுக்கு வற்புறுத்திய கதை. அவனிடமிருந்து தப்பப் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஒளிந்திருந்தார். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, அதிகபட்ச உயரமே 3 அடி! நம்ம சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஏழு வருஷம் கிடக்க முடியுமாய்யா?

கொடுமை செய்தவன் வெட்கப்படலை. எழுதியவர் பேரை மறைத்தார். மறைத்ததால், பின்னாளில் பலர் அந்நூலைக் கற்பனைக் கதை என்றே நினைத்தார்கள். 1980-களில் ஜீன் ஃபாகன் யெல்லின் என்ற பேராசிரியை பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியது ஜேக்கப்ஸ்தான் என்று நிறுவினார்.

இன்னொன்று. 1662-ல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஜேக்கப்ஸ் பிள்ளைகளின் தந்தை வெள்ளைக்கார வக்கீல். வட கரோலினாவில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கும் அதே விதிதான். பட்டத்துக்கு அப்பா, சொத்துக்கு அப்பா, விலங்கு மாட்ட மட்டும் அம்மாவா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீங்க, முடிச்சிடறேன். (சிரிப்பு) நிறம் கையில் விலங்கு பூட்டியது, மறுக்கவில்லை. பட்டதைச் சொல்லவே கூசும்படி வாயைக் கட்டியது பெண் என்பதே. விலங்கை 1865-ல் சட்டத் திருத்தம் உடைத்தது. அந்தக் கூச்சத்தை உடைக்க எந்தச் சட்டம் வரும்? நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணு ஒரு கொடுமையைச் சொல்ல வந்தா, 'வெளியே சொல்லாதேம்மா' என்று சொல்லாதீங்க. முதலில் உட்கார்ந்து கேளுங்க.

பெண் என்பதே பெருந்தடை எனத் தீர்ப்பளியுங்கள்.