நின்றபடி பதினைந்து நிமிடம்
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



"பதினைந்து நிமிஷம்தான், அட்வைஸ் பண்ணாம பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் ஸ்க்ரம் என்ற வேலை முறையைப் பற்றியும், அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

ஸ்க்ரம் என்பது ரக்பி ஆட்டத்துச் சொல். ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவார்கள். 1986-ல் டகேயுச்சி, நோனகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனான் போன்ற கம்பெனிகளில் ஒரு துறை வேலையை முடித்து அடுத்த துறைக்குக் கொடுக்கும் ரிலே ரேஸ் இல்லை, ரக்பி அணி மாதிரி எல்லோரும் சேர்ந்தே பந்தை நகர்த்துகிறார்கள் என்றார்கள். அந்த யோசனையை சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்த ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து மாநாட்டில் அதை முறையாக முன்வைத்தார்கள்.

விஷயம் எளிது. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகத் திட்டம் போட்டுக் கடைசியில் திறந்து பார்க்காமல், வேலையை ஒரு மாதத்துக்கு மிகாத துண்டுகளாக வெட்டிக்கொள்வது. அதற்கு ஸ்பிரின்ட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும், ஓடுகிற ஒன்றைக் காட்ட வேண்டும். எது முதலில் என்று தீர்மானிக்க புராடக்ட் ஓனர் என்று ஒரே ஒருவர். முறை வழுவாமல் பார்க்கவும் தடைகளை நீக்கவும் ஸ்க்ரம் மாஸ்டர். தினமும் 15 நிமிடம் குழு கூடிப் பேசும். பல இடங்களில் நின்றுகொண்டேதான். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் கிரிக்கெட் வரும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் பார்த்து, சுமார் 17 கோடி டாலர் செலவழித்து, 2005-ல் கைவிட்டது. மறுபடி 2006-ல் 'சென்டினல்' என்று தொடங்கினார்கள். 2010-ல் கணக்குப் பார்த்தால், 45 கோடி டாலர் பட்ஜெட்டில் 40 கோடி போய்விட்டது, நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தது. அப்புறம் வேலையைத் தங்கள் கைக்கே எடுத்து, இரண்டு வார ஸ்பிரின்ட்களாகச் செய்தார்கள். 2012 ஜூலையில் சென்டினல் உபயோகத்துக்கு வந்தது.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், 2013-ல் என் கம்பெனியிலும் ஸ்க்ரம் தொடங்கினேன். ஒன்பது பேர் குழு. இன்ஷூரன்ஸ் சம்பந்தமான வேலை. சுவரில் போர்டு, மஞ்சள் சீட்டுகள், எல்லாம் அமர்க்களம். மேனேஜரான நானும் தினமும் காலையில் போய் நடுவில் நின்றுகொள்வேன்.

ஒருநாள், கல்லூரி முடித்து ஒரு வருஷமே ஆன ஒரு பெண் சொன்னார்: "சார், பழைய டேட்டா நாம நினைச்ச மாதிரி இல்ல. நிறைய ரெக்கார்டுல பிறந்த தேதியே கிடையாது. இந்த ஸ்பிரின்ட்ல முடியாது."

"முடியாதுன்னு சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்றேன். எட்டுப் பேர் முன்னால்.

மறுநாளிலிருந்து எல்லோரும் "ஓகே சார்." மூன்று ஸ்பிரின்ட் ஓகே. சீட்டெல்லாம் 'முடிந்தது' பக்கம் ஏறிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. வாடிக்கையாளர் வந்தார், தற்செயலாக ஒரு பழைய பாலிசியைத் திறந்தார். வயது 113 என்று வந்தது. பிறந்த தேதி இல்லாத இடத்திலெல்லாம் 1900 ஜனவரி 1 என்று நிரப்பியிருந்தார்கள். "பெரியவர் இன்னும் பிரீமியம் கட்டுறாரா?" என்று கேட்டார் வாடிக்கையாளர். யாரும் சிரிக்கவில்லை. சரி செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. விசாரித்தபோது தெரிந்தது, ஒன்பது பேருக்கும் விஷயம் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் ஸ்க்ரம் மாஸ்டர் என்னைவிட பத்து வயது சின்னவர். ரூமுக்கு வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க. நாளையிலேர்ந்து காலைல நீங்க வர வேண்டாம். அது செய்யறவங்க அவங்களுக்குள்ள பேசிக்கிற நேரம்" என்றார். கோபம் வந்தது. நான் ஆரம்பித்த கூட்டத்துக்கு நானே வரக்கூடாதா? ஆனால் அவர் சொன்னதுதான் முறை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கப் பழகினேன்.

பதிலுக்கு எனக்கு வேறு வேலை கொடுத்தார். குழுவால் நகர்த்த முடியாத தடைகளைச் சீட்டில் எழுதி என் மேஜையில் ஒட்டிவிடுவார். முதல் சீட்டு: டெஸ்ட் பண்ண ஒரு சர்வர் வேண்டும். அதற்கு நான்கு கையெழுத்து, மூன்று வாரம். எங்கள் ஸ்பிரின்டோ இரண்டு வாரம்! குழு எத்தனை வேகமாக ஓடினால் என்ன, நான்கில் ஒரு கையெழுத்து என்னுடையது. மற்ற மூன்று மேஜைக்கும் நானே நடந்தேன். அந்த நான்கு ஒன்றாகக் குறைய ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதம்தான் நான் உருப்படியாகச் செய்த ஸ்க்ரம் வேலை என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார், போர்டைப் பார்த்துக்கொண்டே. அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். காரணத்தை நான் கேட்கவில்லை.

செயலாளர் வாட்சைப் பார்க்கிறார்.