வலிப்பும் சித்தப்பிரமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டும் நாடகமும் காத்திருக்கும் விழாநாளில் நோயைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று நீங்கள் எண்ணலாம். ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு, நோயுற்ற நாளில் அண்டை வீட்டாரே உற்றார். ஆதலின் நான் கண்ட ஒன்றை உங்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அறிந்த குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு ஒரே இரவில் மூன்று முறை வலிப்புக் கண்டது. மறுநாள் தெளிவாக எழுந்தான், காப்பி அருந்தினான், செய்தித்தாள் படித்தான். கண்டம் தப்பியது என்று வீட்டார் மகிழ்ந்தனர். மூன்றாம் நாள் உறக்கம் போயிற்று. சோற்றில் நஞ்சிட்டிருக்கிறார்கள் என்றான். யாரோ அழைப்பதாகச் சொல்லி வெளியே ஓட முற்பட்டான். ‘செய்வினை’ என்றார் ஒருவர். ‘மாத்திரைச் சூடு தலைக்கேறிவிட்டது’ என்றார் மற்றொருவர். தாயத்து வந்தது, மாத்திரை நின்றது. வலிப்பு முன்னினும் கடுமையாகத் திரும்பிய பின்னரே மருத்துவமனையை நாடினோம். இரு வாரங்களில் மனம் தெளிந்தது. இன்று அவன் அலுவல் பார்த்து வருகின்றான். ஆயினும் அந்தத் தாமதத்தை எண்ணுந்தோறும் என் நெஞ்சு நோகும். தாயத்து வாங்கச் சென்றவன் நானே.

அன்பர்களே! மூளையின் மின்னோட்டம் கட்டுக்கடங்காது பொங்குவதே வலிப்பு. இல்லாத குரலைக் கேட்பதும் இல்லாத பகையைக் காண்பதும் சித்தப்பிரமை. இவற்றின் உறவை மருத்துவ உலகமே தடுமாறித்தான் கண்டது. புடாபெஸ்ட் நகரில் மெடூனா என்னும் மருத்துவர், இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதி, 1934-இல் மனநோயாளருக்குக் கர்ப்பூர மருந்தால் வலிப்பை உண்டாக்கிப் பார்த்தார். இலண்டனில் ஸ்லேட்டர், பியர்டு என்னும் இருவரோ, இரண்டு நோயும் ஒருங்கே உற்ற 69 பேரை ஆராய்ந்து, வலிப்புத் தொடங்கிச் சராசரியாக 14 ஆண்டுகள் கழிந்தபின் சித்தப்பிரமை தோன்றியதை 1963-இல் எழுதினர்.

உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வலிப்பு நோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ 6 பேருக்கே இக்கலக்கம் வருகின்றது. மற்றையோர் நம்மைப் போன்று தெளிந்த மனத்தினரே.

நாம் செய்யவேண்டுவது யாது? வலிப்புக் கண்டவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரும்புச் சாவியைத் தேடவேண்டாம். வாயில் எதையும் திணிக்கவேண்டாம். அடுத்தடுத்து வலிப்பு வந்தால், அவர் தெளிந்த பின்னரும் ஒரு வாரம் கண்காணியுங்கள். ஓரிரு நாள் தெளிவுக்குப் பின்னரும் கலக்கம் வரக்கூடும். உறக்கமின்மையும் வீண் ஐயமும் தோன்றினால் தனியே விடாது, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிலருக்கு மருந்தாலேயே மனம் கலங்குவதுண்டு. அப்போதும் மருந்தை மாற்றவேண்டியவர் மருத்துவரே, நாமல்லர்.

இறுதியாக ஒன்று. 1976-இல் செய்த திருத்தத்தால், இந்து திருமணச் சட்டம் பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் வைத்து, இரண்டையும் மணத்திற்குத் தடையாக்கியது. 1999-இல் வலிப்பு என்னும் சொல் அவ்வரியினின்று நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தினின்று நீங்கிய அச்சொல், பெண் பார்க்கச் செல்லும் நம் உள்ளத்தினின்றும் நீங்குதல் வேண்டும். அச்சத்தால் நோயை மறைப்பவர் மாத்திரையையும் மறைப்பர். மறைத்த மாத்திரை ஒருநாள் தவறும். தவறினால் வலிப்பு மீளும்.

இந்தக் காலனியில் எவரும் நோயை மறைக்கவேண்டாத நிலையை உண்டாக்குவோமாக.