இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022இல் வாகமண்ணில் கேரவன் பூங்கா ஒன்று திறக்கப்பெற்றது. அகத்தியர்கூட மலைக்குச் செல்வோர் நம் போனக்காட்டிலிருந்துதான் நடையைத் தொடங்குகின்றனர். ஆகவே, "பிக்கப் ஒன்று வாங்கி, தங்கும் வசதியுள்ள டிரெய்லரைப் பின்னே பூட்டினால் பிழைப்புக்கு வழியாகாதா?" என்று நம் இளைஞர் எண்ணுவது இயல்பே. எண்ணம் நன்று. ஆயினும், கடன்பட்டு வாங்கும் வண்டியில் குடும்பத்தின் வாழ்வும், ஏறுவோரின் உயிரும் அடங்கியிருக்கின்றன. எனவே சில சொல்ல விழைகிறேன்.

வண்டி வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, "எவ்வளவு எடையை இழுக்கும்?" என்பதே. அதனினும் முதன்மையான கேள்வி, "எவ்வளவு எடையைத் தாங்கும்?" என்பதாகும். 1500 கிலோ எடையுள்ள டிரெய்லரில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு, அதாவது 150 முதல் 225 கிலோ வரை, பிக்கப்பின் கொக்கியின்மீது அமர்தல் வேண்டும். அது குறைந்தால் டிரெய்லர் பாம்பெனப் பக்கவாட்டில் ஆடும். மிகுந்தால் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

700 கிலோ சுமக்கும் பிக்கப் ஒன்றைக் கருதுவோம். ஐவர் ஏறினால் 350 கிலோ. மூட்டையும் தண்ணீரும் 100 கிலோ. கொக்கிச் சுமை 200 கிலோ. எஞ்சுவது வெறும் 50 கிலோவே! ஆகவே, பொருள்களை ஏற்றிய பின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தல் நலம்.

அடுத்து, ஏற்றத்தைவிட இறக்கமே வண்டியைச் சோதிக்கும். பிக்கப்பும் டிரெய்லருமாக 4 டன் எடை, 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அவ்வெப்பம் முழுவதையும் பிரேக்கே தாங்குமாயின், அது சூடேறிப் பிடியிழக்கும். ஆகவே, குறைந்த கியரில் இறங்கி எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துதல் வேண்டும். பளுவான டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இன்றியமையாதது. கொக்கி கழன்றாலும் பிரியாதவாறு, பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுதலும் வேண்டும்.

விதுராவிலிருந்து இங்கு வரும் சாலையின் வளைவுகளை நீங்கள் அறிவீர்கள். நீண்ட பிக்கப் நேர்சாலையில் உறுதியாகச் செல்லும். ஆனால் வளைவில் அதிக இடம் கேட்கும். டிரெய்லரின் சக்கரங்களோ பிக்கப்பின் தடத்துக்கு உட்புறமாகவே திரும்பும். ஆதலால் ஊர்தியின் நீளத்தையும் திரும்பும் வட்டத்தையும் நம் சாலையோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். ஓடும்போது டிரெய்லருக்குள் எவரும் அமரலாகாது.

சுருங்கக் கூறின், பெரிய எஞ்சினைக் கண்டு மயங்காதீர்கள். தாங்கும் சுமை, நிறுத்தும் திறன், திரும்பும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் ஆராயுங்கள். மலையேறிய வண்டி பத்திரமாக இறங்கி வீடு சேர்வதே வருவாயின் முதற்படி.