மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்



பண்டத்தரிப்பிலே ஒரு வீட்டு முற்றத்தில், கிடுகால் வேய்ந்த கொட்டிலின் கீழ், ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் கார் ஒன்று நிற்கிறது. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட இனம் அது. அதன் சொந்தக்காரருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஊரார் அவரை அப்பு என்று அழைப்பர். கார்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் தேநீர் ஆறும்வரை எழுந்து வர முடியாது.

நல்ல கார் எது? சொந்தக்காரன் கண்ணாலே பார்த்து நோய் அறியக்கூடிய கார்தான் நல்ல கார் என்பது அப்புவின் கட்சி. பொனற்றைத் திறந்தால் காபரேற்றர் எங்கே, பிளக் எங்கே, பெற்றோல் பம்பு எங்கே என்று பள்ளிப் பிள்ளையும் காட்டிவிடும். இக்காலக் கார்களிலோ கணினிக் கருவியைப் பொருத்தினாலன்றிப் பிழை தெரிவதில்லை. "தம்பி, நாடி பிடிக்க விடாத நோயாளிக்கு எப்படி மருந்து கொடுப்பது?" என்று கேட்பார்.

இந்தக் கருத்து வெறும் பழைமைப் பற்றினால் பிறந்ததன்று. 1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியிலே போர் மீண்டும் மூண்டபோது, பொருளாதாரத் தடையினால் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது நின்றது. பற்றறியும் அவ்வாறே. கிடைத்ததோ மண்ணெண்ணெய், அதுவும் அளவாக, கொள்ளை விலையில். அப்பொழுதுதான் இந்தப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் தம் அருமையைக் காட்டின. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆதலால் சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவர். சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும். இயந்திரத்தின் அமுக்க விகிதம் அக்காலத்தில் ஏழுக்குச் சற்று மேல்தான். அதனால் தரங்குறைந்த எரிபொருளையும் அது பொறுத்துக்கொண்டது. புதிய கார் அதைக் குடித்திருந்தால் தட்டித் தட்டியே உடைந்திருக்கும். குடாநாட்டில் மலையேற்றம் இல்லாததும் ஒரு கொடை.

ஆனால் தண்டம் இல்லாமற் போகவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி இயந்திர எண்ணெயைத் தண்ணீர் போலாக்கும். பிளக்குகளிற் கரி படியும். வாரத்துக்கொரு முறை அவற்றைக் கழற்றித் தேய்த்தவர்களின் கார்தான் மறுவாரமும் ஓடியது. இரவிலே பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பத்து மைலுக்குட்பட்ட தூரந்தான், காரோ கிளம்பவேண்டுமே! அந்தத் துளிப் பெற்றோலுக்காக அயலவர் கதவைத் தட்டிய இரவுகளை அப்பு இன்னும் மறக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள், ஒடுங்கிய வீதி, மழை. அப்புவின் காரிலே நடக்கமாட்டாத முதியோர் நால்வர். நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் கார் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. நின்றபடியே இயந்திரத்தை ஓடவிட்டால் மண்ணெண்ணெய் தீரும். நிறுத்தி ஆறவிட்டால், மறுபடி கிளப்பப் பெற்றோல் வேண்டும். போத்தலில் இருந்ததோ ஒரு தடவைக்குத்தான். அப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அவரும் மக்களும் முன்பின் அறியாத இரண்டு இளைஞரும் விடியும்வரை காரைத் தள்ளியே சென்றனர். அந்தக் கடைசித் துளிகள் பாலத்துக்கு அப்பால், கூட்டம் விலகிய பின்பே செலவாயின.

வண்டி ஓட்டுவதைப் பற்றியும் அவருக்குத் திட்டமான எண்ணங்கள் உண்டு. மாரியில் வெள்ளம் கடந்தபின் பிரேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டவேண்டும். நனைந்த டிரம் பிரேக் காய்ந்தாலன்றிப் பிடிக்காது. வேலிகள் நெருங்கிய ஒழுங்கை வளைவில் கோர்ன் அடிப்பது மரியாதைக்குறைவன்று, கடமை. இவற்றை யாரும் மறுக்கமாட்டார்.

ஆயினும் அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கன்று. பழைய காரின் தகடு தடித்தது, ஆதலால் அதிலிருப்பவர்க்கு ஆபத்தில்லை என்கிறார். இது தவறு. மோதும்போது மடங்கிக் கொடுக்காத இரும்பு, அதிர்ச்சி முழுவதையும் உள்ளிருப்பவர் மார்பிலேயே இறக்கும். இக்காலக் காரின் முன்புறம் நசுங்குவது அதன் பலவீனமன்று. அவ்வாறு நசுங்கும்படியே அதைச் செய்கிறார்கள். பட்டியும் இல்லாத சோமர்செற்றில் விரைந்து போவது துணிச்சல்தானே தவிர அறிவாகாது. இதைப் பேரன் சொன்னபோது அப்பு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதுதான் நான் முப்பது மைலுக்கு மேலே போவதில்லை" என்றார்.

2022 இலே நாடெங்கும் எரிபொருள் வரிசை நீண்டது. காருக்கு வாரம் இருபது லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நான்கு லீற்றர் என்று கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுத்தார்கள். கொழும்பார் திகைத்தார்கள், பண்டத்தரிப்பில் அப்புவின் முற்றத்தில் இளைஞர்கள் கூடினார்கள். மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டவர்களுக்கு, உங்கள் வண்டியில் ஊற்றாதீர்கள் என்றே அவர் விடை கொடுத்தார். அன்றைக்கு மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான் என்பது வேறு கதை.

அந்தக் கூட்டத்திலே ஒருவன் மட்டும் பின்னும் வந்துகொண்டிருக்கிறான். சனிக்கிழமைகளிற் சோமர்செற்றின் காபரேற்றரைக் கழற்றி, துணி விரித்து, திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கிலே அடுக்கிவைக்கிறான். அப்பு கதிரையில் இருந்தபடி பார்க்கிறார்; பிழை விட்டாற் பேசுவதில்லை, இருமுகிறார்.