உப்பளத்துக்கு வந்துசேராத கட்டுரைகள்



நூலக வார விழா என்பதால் எழுத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டெல்டாவில் மருத்துவம் பார்ப்பவன். கதையையும் கவிதையையும் பற்றிப் பேச இந்த மேடையிலேயே தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் மருத்துவர்கள் எழுதும் எழுத்தைப் பற்றிப் பேசுகிறேன். சிறுநீரகத்தைப் பற்றி உலகம் முழுக்க ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியாகின்றன. வேதாரண்யத்தில் உட்கார்ந்து அதைப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டுரைகளில் சிலவற்றில் இருப்பது உப்பளத்தில் உழைக்கும் உங்களைப் போன்றவர்களின் ரத்தம், உங்களைப் போன்றவர்களின் சிறுநீர். அதனால்தான் பேசுகிறேன்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். வெயிலை மட்டும் அளக்கவில்லை. காற்றின் ஈரம், அனல், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்து உடம்பின் மேல் எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்று அளந்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் எடுத்த கணக்கில்லை இது. பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களிடம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னவர்களிடம் எடுத்த கணக்கு.

ஏன் இப்படி ஆகிறது? தலைக்கு மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். வியர்வையாக உடம்பிலிருந்து நீர் போகிறது, ரத்தம் சுண்டுகிறது. அந்த நேரத்தில் உடம்பு மூளையையும் இதயத்தையும்தான் முதலில் காப்பாற்றும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஒருநாள் என்றால் ராத்திரி தண்ணீர் குடித்துத் தூங்கினால் சரியாகிவிடும். தை, மாசியில் ஆரம்பித்து மழை வரும்வரை தினமும் இதே கதை என்றால், காய்ந்து காய்ந்து அந்த இடத்தில் தழும்பு விழுகிறது.

தாய்மார்களுக்கு இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திறந்த வெளி. மறைவான இடம் கிடையாது. அதனால் காலையில் வேலைக்கு வரும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறீர்கள். கொண்டுவந்த பாட்டிலில் பாதி சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்புகிறது. ராத்திரி இடுப்பு வலி, முட்டி வலி. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே ஒரு வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் நுழையும் ரத்தக்குழாயைச் சுருக்கும். பகலெல்லாம் நீர் வற்றிக் கிடந்த சிறுநீரகத்துக்கு ராத்திரி விழுகிற இரண்டாவது அடி அது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வலி தாங்காமல்தான் போடுகிறீர்கள், மறுநாள் கூலிக்குப் போக வேண்டும் என்றுதான் போடுகிறீர்கள்.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத்துக்காகப் புறப்பட்ட தொண்டர்கள் 28-ஆம் தேதி இந்த ஊரை அடைந்ததும், சர்தார் வேதரத்தினம் பிள்ளை அந்தத் தொண்டர்களுக்குத் தோள் கொடுத்ததும் நான் சொல்லித் தெரிய வேண்டிய வரலாறு இல்லை. உப்பு யாருக்குச் சொந்தம் என்று அன்றைக்கு இந்த ஊர் கேட்டது. அந்த உப்பை வாருகிறவரின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இன்றைக்கு இந்த ஊர் கேட்க வேண்டும்.

உப்பளத்தோடு இந்தச் சிறுநீரகப் பாதிப்பு நிற்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவத் துறையினர் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைச் சோதித்து, 2025-இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளியிட்டார்கள். முதல் சோதனையில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குக் குறை தெரிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது 5.31 சதவீதம் பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை, காரணம் என்று வழக்கமாகச் சொல்கிற எதுவும் இல்லை.

காரணம் தெரியாத இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. எல் சல்வடோர், நிகரகுவா கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் மக்கள் எனப் பலர் இதே நோயில் மடிந்திருக்கிறார்கள். வெப்பமா, தண்ணீரா, பூச்சிமருந்தா, எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் இந்திய சிறுநீரக நோய்ப் பதிவேடு 2012-இல் 52,273 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நூற்றுக்குப் பதினாறு பேருக்குக் காரணம் தெரியவில்லை. அந்தப் பதினாறு பேர் மற்றவர்களைவிட இளையவர்கள், ஏழைகள், நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வந்தவர்கள். அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து என் மனசை விட்டுப் போகாத வரி அது.

முற்றிய பிறகு ஏன் வருகிறார்கள்? சோம்பலா? இல்லை. பரிசோதனைச் சீட்டு அவர்களை ஏமாற்றிவிடுகிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறோம். தசையிலிருந்து வரும் கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியேற்றும். பல சீட்டுகளில் 1.2 வரை சரி என்று அச்சிட்டிருப்பார்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு 1.2 என்று வருகிறது. சீட்டைப் பார்த்தவர், ஒன்றும் இல்லை, போய்வாருங்கள் அம்மா என்கிறார். அதே எண்ணை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்து, 2021-இல் வெளியான சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: வடிகட்டும் திறன் 55 என்று வரும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். சீட்டில் சரி, உடம்பில் நோய்! அந்தச் சூத்திரமும் பெரும்பாலும் மேலைநாட்டு உடம்புகளை வைத்துக் கட்டப்பட்டது. உழைத்து இளைத்து, தசை குறைந்து, நாற்பது கிலோவில் நிற்கும் நம் உப்பளத்துப் பெண்ணின் உண்மை நிலை அந்த 55-க்கும் கீழே இருக்கக்கூடும்.

சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைச் சோதனையும் அப்படித்தான். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டால் புரதம் ஒழுகும், பட்டை நிறம் மாறும். காரணம் தெரியாத இந்த நோயில் புரதம் அதிகம் ஒழுகுவதில்லை. பட்டை மாறாமலே சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும். உப்பளத்துக்கு வந்து பட்டைச் சோதனை மட்டும் செய்துவிட்டு எல்லோரும் நலம் என்று எழுதிக்கொண்டு போனால், அது சோதனை ஆகாது.

இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அச்சில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில், இதழ்களில், பலவற்றில் சந்தாக் கதவுக்குப் பின்னால். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் இளம் மருத்துவர் அந்த வட்டத்துக்குள் வரவில்லை. உப்பளத்துக்காரர் எங்கே வரப்போகிறார்?

ஒரு கட்டுரையின் தாக்கத்தை இன்றைக்கு எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஒரு இதழ் முந்தைய இரண்டு வருஷத்தில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த வருஷம் மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. எந்த இதழை வாங்குவது என்று நூலகங்கள் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட கணக்கு. பிறகு அதுவே மருத்துவருடைய பதவி உயர்வுக்கும், ஆய்வுப் பணம் யாருக்கு என்பதற்கும் அளவுகோலாகிவிட்டது. கட்டுரை எண்ணிக்கை காட்டினால்தான் பேராசிரியர் ஆகலாம் என்ற நிலையில், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. அந்தக் கணக்கில் மருத்துவர் மருத்துவரை மேற்கோள் காட்டுவது சேரும். ஒரு பாத்தியின் ஓரத்தில் ஒரு கொட்டகை எழுந்தால் சேராது. இது தப்பான அளவுகோல் என்று இந்த மேடையில் நின்று உறுதியாகச் சொல்கிறேன்.

நல்ல ஆராய்ச்சி நல்ல பலன் தந்ததையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. கெட்டுப்போனதை மாற்றுவது எப்படி என்பதே அன்றைய பெரிய கேள்வி. கெடாமல் காப்பது எப்படி என்பது இன்றைய கேள்வி. 2020-இல் டாபாகுளிஃப்ளோசின் என்ற மாத்திரையை 4,304 பேரிடம் சோதித்த ஆய்வு வெளியானது. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறுநீரகம் சீரழியும் வேகத்தை அது குறைத்தது. அதே வருஷம் அக்டோபரில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது; பல கம்பெனிகள் தயாரிக்க, விலை மளமளவென்று இறங்கியது. இன்றைக்குச் சிற்றூர் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. கட்டுரை கிராமத்துக்கு வந்துசேர்ந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனாலும் அந்த ஆய்வில் சேரச் சிறுநீரில் புரதம் ஒழுகியிருக்க வேண்டும். நான் சற்றுமுன் சொன்ன உப்பளத்துப் பெண்ணுக்கு அந்த ஆய்வில் இடம் கிடைத்திருக்காது. விற்க மருந்து இருக்கும் நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் தேடி வருகிறது. நிழலும் தண்ணீரும் மருந்தாக வேண்டிய நோய்க்குப் பணம் போட ஆள் இல்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. டாக்டர் எம்.கே. மணி, 1991-இல் பத்மபூஷண் பெற்ற சிறுநீரக மருத்துவர். சென்னையில் பெரிய மருத்துவமனையில் இருந்தவர், சிறுநீரக உதவி அறக்கட்டளை ஒன்றின் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் 25,000 பேரைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கொதிப்பும் சர்க்கரையும் இருந்தவர்களுக்கு மிகமிக விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்தார். தலைக்கு ஒரு வருஷத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ கால் டாலர். அதைக் கிட்னி இன்டர்நேஷனல் என்ற உலக இதழின் இணைப்பில் 2003-இல் எழுதினார். முதலில் வேலை, பிறகு கட்டுரை. என் தலைமுறை மருத்துவர்கள் கற்க வேண்டிய வரிசை அது.

நிகரகுவாவில் ஒரு பெரிய சர்க்கரை ஆலை, ஆய்வாளர்களோடு சேர்ந்து கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நிழல், தண்ணீர், ஓய்வு, சுகாதாரம் நான்கையும் நேரப்படி ஏற்பாடு செய்தது. அறுவடை தொடங்கும் முன் ரத்தம் எடுத்தார்கள், முடிந்த பின் எடுத்தார்கள். ஓய்வும் நிழலும் கூடக் கூடச் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அந்தக் கட்டுரையும் அச்சில் இருக்கிறது. வேதாரண்யத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஏக்கர் உப்பளம் இருக்கிறது. இங்கே அதைச் செய்துபார்க்க என்ன தடை?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலனுக்காக முதன்முதலாகத் தீர்மானம் நிறைவேற்றியது. காகிதம் நம் பக்கம் இருக்கிறது. அதனால் கேட்பதைத் துணிந்து கேட்கிறேன்.

ஆராய்ச்சியாளர்களே, உப்பளத்தில் ரத்தம் எடுத்தால், முடிவை அந்தத் தொழிலாளர் கையில் தமிழில் கொடுத்துவிட்டு அப்புறம் இதழுக்கு அனுப்புங்கள். உப்பள உரிமையாளர்களே, வரும் பருவத்துக்குள் ஒவ்வொரு வேலையிடத்திலும் கொட்டகை, குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை மூன்றும் வந்தாக வேண்டும். வாசகர் வட்டத்து நண்பர்களே, இந்தக் கட்டுரைகளைத் தமிழில் சுருக்கி எழுதி இந்த நூலகத்தில் வையுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் இங்கேயே இருக்கிறீர்கள், மருத்துவச் சந்தேகத்துக்கு நான் வருகிறேன்.

தாய்மார்களே, தை பிறந்து உப்பளம் திறக்கும் முன் ஒரு தடவை, மழை வந்து வேலை நின்றபின் ஒரு தடவை அரசு மருத்துவமனைக்குப் போய்க் கிரியாட்டினின் பாருங்கள். சரி என்று சொன்னால் மட்டும் போதாது, என் வயதுக்கு வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு சீட்டையும் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை யார் ஆராய்ச்சி என்று வந்தாலும், முதலில் அதை எடுத்து அவர்கள் முன் வையுங்கள்.