அறுபதைத் தாண்டியபின் ஒரு சைக்கிள் பயணம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் அரசியலும் அல்ல, ஆன்மீகமும் அல்ல. சைக்கிள். தயவுசெய்து சிரிக்க வேண்டாம். எங்களில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அவரிடம் ஒரு சைக்கிள் கதை இருக்கும். என்னுடைய கதை அறுபத்தாறாவது வயதில் மறுபடியும் தொடங்கியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதம் நானும் மனைவியும் ஜேர்மனியின் பஸ்ஸாவ் நகரிலிருந்து ஒஸ்ரியாவின் தலைநகரமான வியன்னா வரை, டானியூப் ஆற்றங்கரை ஓரமாகச் சைக்கிளில் போனோம். ஏறக்குறைய 320 கிலோமீற்றர். எட்டு நாட்கள். நாளுக்குச் சராசரி 40 கிலோமீற்றர்தான். வீரசாகசம் ஒன்றும் இல்லை. எழுபத்தைந்து, எண்பது வயது வெள்ளைக்காரர்கள் எங்களுக்கு மணியடித்துவிட்டு முந்திக்கொண்டு போனார்கள்.

அதற்கு முன், பழைய சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பிறகு சைக்கிள் எங்களுக்கு எல்லாமாக இருந்தது. விறகு ஏற்றியது, மண்ணெண்ணெய் ஏற்றியது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, மணமக்களைக்கூட ஏற்றியது. மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். இன்று வானொலியில் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறேன். அன்று சைக்கிள்தான் வானொலியைப் பேச வைத்தது.

1995 ஒக்ரோபர் 30. அந்தத் திகதியை உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அம்மாவைக் கரியரில் இருத்தி, ஹான்டிலில் இரண்டு பைகளும் பாரில் ஒரு சாக்கு மூட்டையுமாக மழைக்குள் புறப்பட்டேன். உழக்க இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, சாவகச்சேரி போய்ச் சேர ஒரு இரவும் அடுத்த நாள் பகலும் ஆயிற்று. அம்மா நித்திரை தூங்கி விழுந்துவிடுவாரோ என்று அடிக்கடி ஒரு கையைப் பின்னால் நீட்டித் தொட்டுப் பார்ப்பேன். "தம்பி, நான் இறங்கி நடக்கிறன், உனக்குப் பாரம்" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார்.

1997 இல் நான் ஜேர்மனிக்கு வந்தேன். அம்மா ஊரிலேயே இருந்தார். 2003 இல் அவர் கண்மூடியபோது போக என்னிடம் பத்திரம் இருக்கவில்லை.

இங்கு வந்த புதிதில் சைக்கிளில்தான் உணவகத்து வேலைக்குப் போனேன். நான்கு வருடத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். அன்றோடு சைக்கிள் நிலக்கீழறைக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு எண்ணம் உண்டு, எனக்கும் இருந்தது: கார் முன்னேற்றம், சைக்கிள் வறுமை. "சைக்கிளில போனா ஆக்கள் என்ன நினைப்பினம்?" அப்படியே இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. சமையலறையில் நின்ற கால்கள் வீங்கின, முழங்கால் தேய்ந்தது, நீரிழிவும் வந்து சேர்ந்தது.

ஓய்வுபெற்ற வருடம் என் குடும்ப வைத்தியர் கேட்டார், "நீங்கள் நடப்பதில்லையா?" முழங்கால் விடுவதில்லை என்றேன். "அப்படியென்றால் சைக்கிள் ஓடுங்கள். உடம்பின் பாரத்தைச் சீற் தாங்கிக்கொள்ளும், முழங்காலுக்கு நோவு குறைவு" என்றார். வீட்டுக்கு வந்து நிலக்கீழறையைத் திறந்தேன். இரண்டு ரயரும் வெடித்துப்போய்க் கிடந்தன.

மனைவியிடம், "நீரும் வாருமன்" என்றேன். "இந்த வயசில விழுந்து எழும்பினா ஆர் பாக்கிறது?" என்று கேட்டவர், ஊரில் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தவர். பிள்ளைகள் அவருக்கு ஒரு மின்சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். சாதாரண மின்சைக்கிளில் நாங்கள் உழக்கினால்தான் மோட்டார் உதவி செய்யும். அதன் வலு 250 வற், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். பிரேக்கைப் பிடித்துப் பழக அவருக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. கைகால் மறக்கவில்லை.

ஒரு வருடம் எங்கள் ஊரைச் சுற்றி ஓடினோம். முதலில் பத்து, பிறகு இருபது, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது கிலோமீற்றர். அதன் பிறகுதான் பெரிய பயணத்தைப் பற்றி யோசித்தோம்.

ஏன் டானியூப்? அந்த ஆறு ஜேர்மனியின் கருங்காட்டில் தொடங்கி 10 நாடுகளைத் தொட்டு, ஏறக்குறைய 2,850 கிலோமீற்றர் ஓடிக் கருங்கடலில் விழுகிறது. பிரான்சின் அத்திலாந்திக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற சைக்கிள் பாதை இந்த ஆற்றை ஒட்டிப் போகிறது. அதில் பஸ்ஸாவிலிருந்து வியன்னா வரையுள்ள பகுதிதான் வயதானவர்களுக்கு மிகவும் வாய்ப்பானது. ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கிப் போகிறோம், ஏற்றம் மிகக் குறைவு. பெரும்பாலும் காரில்லாத பாதை. வழிகாட்டிப் பலகைகள் உண்டு. பாலம் இல்லாத பல இடங்களில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் சிறு படகுகளும் உண்டு.

பஸ்ஸாவில் மூன்று ஆறுகள் சந்திக்கின்றன. டானியூப், இன், இல்ஸ். மூன்றின் நீரும் மூன்று நிறம். அதைப் பார்த்துவிட்டு வடகரையால் புறப்பட்டோம். முதல் நாள் மதியம் ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் சேர்ந்து 1950களில் கட்டிய யோகன்ஸ்டைன் மின்நிலைய அணையைத் தாண்டினோம். இன்னும் கொஞ்சம் போக நாட்டின் எல்லை. ஒரு பலகை, ஆற்றுச் சத்தம், வேறொன்றும் இல்லை.

1997 இல் நான் எத்தனை எல்லைகளைக் கடந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாரவூர்தியின் பெட்டிகளுக்குப் பின்னால், இருமலை அடக்கிக்கொண்டு, இருட்டில் கடந்தவை அவை. இப்போது எல்லையைக் கடந்தேன். திரும்பி ஜேர்மனிக்கு வந்தேன். மறுபடியும் கடந்தேன். மனைவி மரத்தடியில் நின்று, "இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவரும் ஒரு முறை போய்த் திரும்பி வந்தார். நேயர்கள் கவனிக்க: 2015 செப்டெம்பரில் ஜேர்மனி இந்த எல்லையில் மீண்டும் சோதனையைத் தொடங்கியது. ஆகவே அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அன்று பின்னேரம் ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு மலைகளுக்கிடையே ஏறக்குறைய வந்த திசைக்கே வளைந்து திரும்புவதைப் பார்த்தோம். பாதையோரத்து வாங்கில் இருந்து, கட்டிக்கொண்டு போன புட்டைச் சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு முதிய தம்பதி வந்து இருந்தார்கள். அந்த மனிதர் கேட்டார், "எங்கிருந்து வருகிறீர்கள்?"

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்போம்? கேட்டதும் நெஞ்சுக்குள் ஒன்று இறுகும். எங்கே தொடங்குவது, எவ்வளவு சொல்வது என்று யோசிப்போம். நான் வழக்கம்போல், "இலங்கையில்..." என்று தொடங்கினேன். அவர் கையை ஆட்டி, "இல்லை, இன்றைக்கு எங்கிருந்து?" என்றார். "பஸ்ஸாவிலிருந்து" என்றேன். "நாங்களும்தான். எங்கே போகிறீர்கள்?" "வியன்னாவுக்கு." அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பாதையில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் கேள்வி. எட்டு நாளும் அதற்குப் பதில் சொல்லி நான் களைக்கவில்லை.

லின்ஸ் நகரம் கழிந்து மவுத்ஹவுசன் என்ற சிறு பட்டினம் வருகிறது. அங்கே மேட்டில் நாசிகளின் வதைமுகாம் இருந்தது. 1938 முதல் 1945 வரை ஏறக்குறைய 1,90,000 பேர் அங்கு கொண்டுவரப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தார்கள். கல்லுடைக்கும் குழியிலிருந்து 186 படிகளில் கைதிகளைக் கருங்கல் சுமக்க வைத்தார்கள். மனைவியின் மின்சைக்கிள் அந்த ஏற்றத்தில் ஏறியது. நான் என்னுடையதை உருட்டிக்கொண்டு போனேன். உருட்டும்போது என் கை தானாகப் பின்னால் போய்க் கரியரைத் தொட்டது. அங்கே ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. மேலிருந்து அந்தப் படிகளைப் பார்த்தபடி இருவரும் நெடுநேரம் நின்றோம். இறங்கி வரும்போது ஒன்றும் கதைக்கவில்லை.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் இதைச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அடுத்த நாள் காலையும் அதே ஆறு ஓடியது, நாங்களும் ஓடினோம். துக்கத்தை மறந்தால்தான் சந்தோசப்படலாம் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. இரண்டையும் ஒரே சைக்கிளில் கொண்டு போகலாம்.

கிரைன் பட்டினத்துக்குக் கிட்ட மனைவியின் முன்சில்லு காத்துப் போய்விட்டது. இளம் பொடியன் ஒருவன் நின்று புது ரியூப் தரட்டுமா என்று கேட்டான். நான் ரியூப்பைக் கழற்றி, ஆற்றுத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து, உரஞ்சி ஒட்டுப்போட்டேன். அவன் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த நாட்டில் நான் ஒருவருக்கு ஒரு வேலையைச் செய்து காட்டி, அவர் அதை வியந்து பார்த்தது அதிகம் நடந்ததில்லை.

பிறகு மெல்க் மடாலயம், அதற்கப்பால் வாஹவ் பள்ளத்தாக்கு. 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த இடம் அது. இரு கரையிலும் திராட்சைத் தோட்டமும் அப்ரிக்கொட் மரங்களும். ஜூலையில் அது பழுக்கும் காலம். வீதியோரக் கொட்டிலில் ஒரு கிலோ வாங்கி, ஊரில் மாம்பழம் சாப்பிட்டதுபோல் கையெல்லாம் சாறு வழியச் சாப்பிட்டோம். எட்டாம் நாள் பின்னேரம் வியன்னா. யாரும் மாலை போடவில்லை. ஒரு கோப்பி குடித்தோம். பிள்ளைகளுக்குப் படம் அனுப்பினோம். அடுத்த நாள் சைக்கிள்களோடு ரயிலில் வீடு திரும்பினோம்.

போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சீனி திடீரென்று இறங்கலாம். குளுக்கோசோ பழச்சாறோ கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். சீற் உயரம் முக்கியம். குதிக்காலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நிமிர வேண்டும். பதிவாக இருந்தால் முழங்கால் நோகும். ஏற்றம் வருமுன்பே கியரைக் குறையுங்கள். தலைக்கவசம் போடுங்கள். வெயிலுக்கு முன், காலையில் ஓடி முடியுங்கள். ரயிலில் சைக்கிளுக்குத் தனி ரிக்கெற் வேண்டும், நெடுந்தூர ரயிலென்றால் முன்பதிவும் வேண்டும். சாமான் குறைவாகக் கொண்டுபோங்கள். நாங்கள் முதலில் கட்டிய பைகளை நிறுத்தபோது இருபத்திரண்டு கிலோ. மூன்று தரம் அவிழ்த்துக் கட்டி ஒன்பதுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் தலைமுறைக்கு எதையும் விட்டுவிட்டுப் போக மனம் வராது. காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பயணத்தில் வீடு அங்கேயே இருக்கும். திறப்பு உங்கள் பொக்கற்றில் இருக்கும்.

அன்பான நேயர்களே, நாங்கள் வாழ்நாளில் நெடுந்தூரம் போனவர்கள்தான். ஆனால் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனது குறைவு. களைத்தால் நிற்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம், பின்னால் யாரும் துரத்தவில்லை. அறுபத்தாறு வயதில் அது எனக்குப் புதிதாக இருந்தது. உங்கள் நிலக்கீழறையிலும் ஒரு சைக்கிள் நிற்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குக் காற்றடித்துப் பாருங்கள். வியன்னா வேண்டாம், அடுத்த ஊர் வரை போய் வாருங்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில் பழைய சைக்கிளின் கதையையும் சொல்லுங்கள்.